இழப்பின் பதிவும் மீள்திறனும்: விளாடிஸ்லாவ் ஸ்பில்மனின் நினைவுக்குறிப்பு ஒரு வரலாற்று ஆவணமாக

ஆய்வுச்சுருக்கம்

போலந்து நாட்டுப் பியானோ கலைஞர் விளாடிஸ்லாவ் ஸ்பில்மன் (1911–2000) இரண்டாம் உலகப் போரில் தம் பெற்றோரையும் உடன்பிறந்த மூவரையும் இழந்தவர். போர் முடிந்த உடனே அவர் எழுதிய நினைவுக்குறிப்பு 1946-இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் 'தி பியானிஸ்ட்' என்னும் பெயரில் உலக அளவில் அறியப்பட்டது. இந்நூல் பெரும்பாலும் தனியொருவரின் தாங்குதிறனுக்குச் சான்றாகவே வாசிக்கப்பட்டு வருகிறது. ஆயின், நூலுக்குள் மீள்திறன் உயிர் பிழைத்தவரிடம் மட்டும் காணப்படுவதன்று; மடிந்த குடும்பத்தாரிடமும் அது அதே அளவில் இருந்ததை நூலே பதிவு செய்கிறது. இவ்வுண்மையை நூலின் பதிப்பு வரலாறு, குடும்பச் சித்திரிப்பு, எடுத்துரைப்பு நடை ஆகியவற்றின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொல்காப்பியர் கூறும் அழுகை மெய்ப்பாட்டின் நிலைக்களன்கள் பகுப்பாய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நினைவுக்குறிப்பு, இன அழிப்பு, வார்சா கெட்டோ, மீள்திறன், மெய்ப்பாடு, பதிப்பு வரலாறு.

முன்னுரை

தன்வரலாறு ஒருவரின் வாழ்வைப் பிறப்பு முதல் தொடர்ச்சியாகச் சொல்ல முனைவது. நினைவுக்குறிப்பு அவ்வாழ்வின் ஒரு பகுதியை, பெரும்பாலும் ஒரு வரலாற்று நிகழ்வோடு பிணைந்த பகுதியை, எடுத்துக்கொள்வது. இன அழிப்பிலிருந்து தப்பியோர் எழுதியவை பெரிதும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. அவற்றை வரலாற்று ஆய்வாளர் சான்றாகவும் இலக்கிய ஆய்வாளர் எடுத்துரைப்பாகவும் அணுகுகின்றனர். இவ்விரு அணுகுமுறைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. தப்பியவர் எழுதியது மட்டுமே நம் கைக்கு வருவதால், தப்பியமைக்கான காரணத்தை அவருடைய மனவலிமையில் தேடும் போக்கு வாசகரிடம் எளிதில் உருவாகிறது. அவர் இசைக்கலைஞராகவும் இருந்துவிட்டால், 'இசை அவரைக் காத்தது' என்னும் முடிவு ஆயத்தமாகக் காத்திருக்கிறது. இத்தகைய வாசிப்புக்கு மூலநூல் எந்த அளவுக்கு இடந்தருகிறது என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

நூலாசிரியரும் பின்னணியும்

ஸ்பில்மன் 1911 டிசம்பர் 5 அன்று போலந்தின் சோஸ்னோவியெட்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சாமுவேல் வயலின் கலைஞர், தாய் எட்வர்டா. ஹென்றிக், ரெகினா, ஹலினா ஆகியோர் உடன்பிறந்தோர். வார்சாவில் இசை பயின்ற ஸ்பில்மன் 1930-களின் தொடக்கத்தில் பெர்லின் இசைக் கழகத்தில் மேற்படிப்பை மேற்கொண்டார். ஆர்தர் ஷ்னாபெலிடம் பியானோவும் ஃபிரான்ஸ் ஷ்ரேக்கரிடம் இசையாக்கமும் கற்றார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வார்சாவுக்குத் திரும்பினார். 1935 முதல் போலந்து வானொலியின் பியானோ கலைஞராகப் பணியாற்றினார்.

1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. முற்றுகையிடப்பட்ட வார்சாவில் செப்டம்பர் 23 அன்று ஸ்பில்மன் வானொலியில் சொப்பினின் படைப்புகளை வாசித்தார். அன்றே மின்நிலையம் தாக்கப்பட்டு வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு நின்றது. நூல் இந்நாள்களை வீரக்கதையாக ஆக்காமல் குண்டுகள் அருகில் விழுந்துகொண்டிருந்தபோது நடந்த ஓர் அலுவலகப் பணியாகவே சொல்லிச் செல்கிறது. பணியை அதன் அளவிலேயே சொல்லும் இவ்வியல்பு நூல் முழுவதும் தொடர்கிறது.

நூலின் பிறப்பும் பதிப்பு வரலாறும்

வார்சா விடுவிக்கப்பட்ட 1945-ஆம் ஆண்டிலேயே ஸ்பில்மன் தம் நினைவுகளை எழுத்தாக்கினார். இசைத் திறனாய்வாளர் யெஜி வால்டோர்ஃப் அவற்றைச் செப்பனிட, 1946-இல் 'ஒரு நகரத்தின் மரணம்' எனப் பொருள்படும் போலிஷ் தலைப்பில் நூல் வெளிவந்தது. இத்தலைப்பு கவனத்திற்குரியது. முதற்பதிப்பின் தலைப்பில் கலைஞர் இல்லை, நகரமே உள்ளது. அழிந்ததைப் பற்றிய நூலாகவே அது வாசகர் முன் வைக்கப்பட்டது.

முதற்பதிப்பில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. இறுதி மாதங்களில் ஸ்பில்மனுக்கு உணவு தந்து காத்த ஜெர்மானியப் படை அதிகாரி அதில் ஆஸ்திரியராகக் காட்டப்பட்டார். ஜெர்மானியப் படையில் ஒரு நல்லவர் இருந்தார் என்பதைச் சொல்ல அன்றைய போலந்தின் அரசியல் சூழல் இடந்தரவில்லை. ஸ்பில்மனின் அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு யெஜி ஆந்திரெயெவ்ஸ்கியும் செஸ்வாஃப் மிவோஷும் எழுதிய திரைக்கதைக்கும் இதே கதி நேர்ந்தது. தணிக்கையால் அது பெரிதும் மாற்றப்பட்டு 1950-இல் திரைப்படமாக வெளிவந்தபோது மிவோஷ் தம் பெயரை விலக்கிக்கொண்டார். நூலும் பல பத்தாண்டுகள் மறுபதிப்பின்றிக் கிடந்தது.

1998-இல் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் 1999-இல் ஆந்தியா பெல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தன. இப்பதிப்புகளில் அதிகாரி ஜெர்மானியராகவே இடம்பெற்றார். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகளும் கவிஞர் வோல்ஃப் பீர்மனின் பின்னுரையும் சேர்க்கப்பட்டன. தலைப்பிலும் மையம் இடம்பெயர்ந்தது. ஜெர்மன் தலைப்பு 'வியத்தகு உயிர்பிழைப்பு' என்னும் பொருளைத் தந்தது. ஆங்கிலத் தலைப்பு கலைஞரை முன்னிறுத்தியது. நகரத்தின் மரணம் தனிமனிதரின் உயிர்பிழைப்பாயிற்று. நூலை மீள்திறனின் கதையாக வாசிக்கும் மரபு இம்மாற்றத்தோடு வலுப்பெற்றது எனலாம்.

கெட்டோவில் குடும்பம்

1939 டிசம்பர் முதல் வார்சா யூதர்கள் நீல நிற விண்மீன் பொறித்த வெள்ளைப் பட்டையைக் கையில் அணிய வேண்டும் என்னும் ஆணை நடைமுறைக்கு வந்தது. 1940 நவம்பரில் நகரின் ஒரு பகுதி மதில் எழுப்பி அடைக்கப்பட்டது. ஏறத்தாழ 3.4 சதுர கிலோமீட்டர் பரப்பில் 4,00,000-க்கும் மேற்பட்டோர் அடைபட்டனர். பசியும் டைபஸ் காய்ச்சலும் பல்லாயிரவரைக் கொன்றன. ஸ்பில்மனின் குடும்பம் வாழ்ந்த வீடு கெட்டோவின் எல்லைக்குள்ளேயே அமைந்துவிட்டது.

இக்காலத்தில் அறுவர் கொண்ட குடும்பத்திற்குப் பெரிதும் துணையாக இருந்தது ஸ்பில்மனின் பியானோ வருவாய். நோவோலிப்கி தெருவில் இருந்த உணவகத்திலும், பின்னர் சியென்னா தெருவில் ஒன்றிலும், லெஷ்னோ தெருவில் 'கலை' என்னும் பொருள்தரும் பெயர்கொண்ட பெரிய உணவகத்திலும் அவர் வாசித்தார். கடைசியாகக் கூறிய இடத்தில் கோல்ட்ஃபெடர் என்னும் கலைஞருடன் இணைந்து இரட்டைப் பியானோ வாசித்தார். கெட்டோவிலும் செல்வர் சிலர் இருந்தனர். கடத்தல் வணிகத்தால் பொருளீட்டியோர் அவ்வுணவகங்களுக்கு வந்தனர். வாடிக்கையாளர் ஒருவர் தங்க நாணயங்களை மேசையின் பளிங்கில் சுண்டி அவற்றின் ஒலியைக் கேட்டு மதிப்பிட விரும்பியதால், வாசிப்பைச் சற்று நிறுத்தும்படி கேட்கப்பட்ட நிகழ்ச்சியை ஸ்பில்மன் பதிவு செய்கிறார். இசையின் உயர்வைப் போற்றும் எவரும் இப்பகுதியைக் கடந்து செல்ல இயலாது. அங்கே இசை குடும்பத்தின் ரொட்டிக்கு வழி, வேறெதுவும் அன்று.

குடும்பத்தார் ஒவ்வொருவரையும் நூல் சிறு செயல்களால் நினைவில் நிறுத்துகிறது. ஜெர்மானிய வீரர்களைக் கண்டால் யூதர்கள் தலைவணங்க வேண்டும் என்ற ஆணை வந்தபோது, மகன்கள் வீரர்கள் எதிர்ப்படாத தெருக்களாகச் சுற்றிச் சென்றனர். தந்தை சாமுவேல் வேறு வழியைக் கண்டார். அவர் வேண்டுமென்றே நெடுந்தூரம் உலாவச் சென்று, எதிர்ப்படும் வீரர்களை மிகையான மரியாதையுடன் வணங்கினார். அம்மிகையில் இருந்த எள்ளல் புரியாமல் சில வீரர்கள் பதில் வணக்கம் செலுத்தியபோது மகிழ்ந்தார். இழிவுபடுத்த ஏற்பட்ட சட்டத்தையே விளையாட்டாக மாற்றிக்கொண்ட முதியவரின் இச்செயல் மீள்திறனுக்கு நேரடிச் சான்று. அம்முதியவர் உயிர் பிழைக்கவில்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

1942 ஆகஸ்ட் 16

1942 ஜூலை 22 அன்று வார்சா கெட்டோவிலிருந்து பெருந்திரளான வெளியேற்றம் தொடங்கியது. அதற்கு ஒத்துழைக்க மனமின்றி யூத மன்றத்தின் தலைவர் ஆதம் செர்னியாகூவ் மறுநாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். செப்டம்பர் வரை ஏறத்தாழ 2,65,000 பேர் வார்சாவின் வடகிழக்கே இருந்த ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குச் சரக்கு இரயில்களில் அனுப்பப்பட்டனர்.

ஆகஸ்ட் 16 அன்று ஸ்பில்மன் குடும்பத்தின் முறை வந்தது. அன்றைய தேர்வில் ஹென்றிக்கும் ஹலினாவும் வேலைக்குத் தக்கவர்கள் எனப் பிரிக்கப்பட்டனர். மற்றவர்கள் இரயிலேற்றும் திடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டதை அறிந்து, அவ்விருவரும் தாமாகவே வந்து குடும்பத்துடன் சேர்ந்துகொண்டனர். வெயிலில் தண்ணீரின்றி ஆயிரக்கணக்கானோர் காத்திருந்த அத்திடலில் ஹென்றிக் ஷேக்ஸ்பியர் நூலைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் சிறுவன் ஒருவன் இனிப்பு விற்றுக்கொண்டிருந்தான். எஞ்சியிருந்த பணத்தை ஒன்றுதிரட்டி ஒரே ஒரு கேரமல் மிட்டாயை வாங்கி, அதைப் பேனாக்கத்தியால் ஆறு துண்டுகளாக்கித் தந்தை அனைவருக்கும் பகிர்ந்தளித்தார். அக்குடும்பம் சேர்ந்து உண்ட இறுதி உணவு அது.

இரயிலை நோக்கி நடந்தபோது, கெட்டோவின் யூதக் காவலர் ஒருவரின் கை ஸ்பில்மனைக் கழுத்துப்பட்டையில் பற்றி இழுத்துக் காவல் வளையத்திற்கு வெளியே தள்ளியது. அவர் தந்தையைக் கூவி அழைத்தார். தந்தை திரும்பிப் பார்த்து, சில அடிகள் வந்து, தயங்கி நின்றார். புன்னகைக்க முயன்று கையை உயர்த்தி விடைகொடுத்துவிட்டு இரயிலை நோக்கிச் சென்றார். ஐவரையும் ஸ்பில்மன் பிறகு காணவில்லை.

அழுகையின் நிலைக்களன்களும் அழாத நடையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை தோன்றும் களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கைக் கூறுகிறார். பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல், துய்ப்பதற்கின்றி வாடுதல் என இவற்றை விளங்கிக்கொள்ளலாம். மெய்ப்பாடு செய்யுளுக்குரிய கோட்பாடு. ஓர் ஐரோப்பிய உரைநடை நூலை அளக்க எழுந்ததன்று. எனினும் துயரின் காரணங்களை இனம் பிரித்தறிய அது உதவும்.

இந்நான்கும் ஸ்பில்மனின் நூலில் நிரம்பியுள்ளன. கைப்பட்டையும் கட்டாய வணக்கமும் இளிவு. குடும்பம் முழுமையும் ஒரே நாளில் பறிபோனது இழவு. வானொலிக் கலைஞர் கட்டுமானப் பணியில் செங்கல் சுமக்கும் கூலியாக ஆனது அசைவு. பசியும் நீர்வேட்கையும் வறுமை. அழுகைக்குரிய களம் அனைத்தும் இருந்தும் நூலில் அழுகை ஓங்கி ஒலிப்பதில்லை. திடலிலிருந்து அழுதுகொண்டே நடந்ததாக ஆசிரியர் சொல்கிறார். ஆனால் அது ஒரு நிகழ்வாகக் குறிக்கப்பட்டு நிற்கிறது. கையறுநிலைப் பாடல்களில் போல மறைந்தோரின் பண்புகளை அடுக்கிப் புலம்பும் பகுதி எதுவும் தொடர்வதில்லை. அடுத்த பகுதியில் எடுத்துரைப்பு வேலை, தங்குமிடம், உணவு ஆகியவற்றுக்கு நகர்ந்துவிடுகிறது.

இவ்வடக்கத்தை உணர்ச்சியின்மையாகக் கொள்வது பிழை. எழுதிய காலமே அதற்கு முதன்மைக் காரணம். ஐவரையும் இழந்து மூன்றாண்டுகளும், தனிமையிலிருந்து மீண்டு ஓராண்டும் நிறையாத நிலையில் எழுதப்பட்ட நூல் இது. நிகழ்ந்ததை வரிசைப்படுத்துவதே அப்போது இயன்ற செயல். தந்தை இந்நூலை உலகுக்காக எழுதியதைவிடத் தமக்காகவே எழுதினார் என்று அவருடைய மகன் ஆந்திரெய் ஸ்பில்மன் பிற்காலப் பதிப்பின் முன்னுரையில் கருதுகிறார். தந்தை போர்க்கால நிகழ்வுகளை வீட்டில் பேசியதில்லை என்றும், பன்னிரண்டு வயதில் புத்தக அலமாரியில் கண்டெடுத்த இந்நூலைப் படித்தே தமக்குத் தந்தைவழித் தாத்தா பாட்டி இல்லாத காரணத்தை அறிந்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். நூலில் உள்ள அடக்கம் வீட்டிலும் மௌனமாகத் தொடர்ந்தது என்பதற்கு இது சான்று.

துயரம் எங்கே சென்று தங்கியது என்ற வினாவுக்கு நூலின் நுண்விவரங்கள் விடை தருகின்றன. மிட்டாயின் துண்டுகள் ஆறு என்பதும், அண்ணன் தம்பியர் எந்தத் தெருவைத் தவிர்த்தனர் என்பதும், தந்தையின் கை எவ்வாறு உயர்ந்தது என்பதும் துல்லியமாக உள்ளன. புலம்பலுக்கு உரிய இடத்தைத் துல்லியம் எடுத்துக்கொண்டுள்ளது.

தனிமையும் நினைவில் வாழ்ந்த இசையும்

குடும்பத்தை இழந்தபின் ஸ்பில்மன் கட்டாய உழைப்புக் குழுக்களில் பணியாற்றினார். 1943 பிப்ரவரி 13 அன்று கெட்டோவிலிருந்து வெளியேறித் தலைமறைவானார். 1944 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய வார்சா எழுச்சி அக்டோபர் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்டு, எஞ்சிய மக்கள் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இடிபாடுகளுக்கிடையே ஸ்பில்மன் தனித்து மறைந்திருந்தார்.

எழுச்சியின்போது அவர் மறைந்திருந்த கட்டடம் தீப்பற்றியது. பிடிபடுவதினும் இறப்பதே மேல் எனக் கருதி அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மறுநாள் உயிருடன் கண்விழித்தார். அசையாத மனவுறுதியின் கதையாக இந்நூலைக் காட்ட விரும்புவோர்க்கு இப்பகுதி இடையூறு. நம்பிக்கை முற்றிலும் அற்றுப்போன ஒரு பொழுதை ஆசிரியர் மறைக்கவில்லை.

அதன் பின்னரான மாதங்களில் அவர் கடைப்பிடித்த நாள்முறையை நூல் விரிவாகத் தருகிறது. வலிமையைச் சேமிக்கக் காலை முழுவதும் அசையாமல் படுத்திருந்தார். நண்பகலில் காய்ந்த ரொட்டித் துண்டும் ஒரு குவளை நீரும் உணவு. அதுவரை, தாம் வாசித்த இசைப் படைப்புகள் அனைத்தையும் கண்களை மூடியபடி அடுத்தடுத்து மனத்துள் வாசித்துப் பார்த்தார். பிற்பகலில் படித்த நூல்களின் செய்திகளை நினைவுகூர்ந்தார். ஆங்கிலச் சொற்களை உருப்போட்டார். இம்மனப் பயிற்சியால் போருக்குப் பின் பணிக்குத் திரும்பியபோது தம் இசைத் தொகுதி மறவாதிருந்தது என்கிறார்.

இங்கு இசை ஆறுதல் தரும் பொருளாகச் சொல்லப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. அது பொழுதைப் பகுக்கும் ஒழுங்கு. அறிவு சிதையாமல் காக்கும் பயிற்சி. ஆங்கிலச் சொற்களும் இசைப் படைப்புகளும் ஒரே அட்டவணையில் அருகருகே இடம்பெறுவதே இதை உணர்த்தும். திடலில் ஹென்றிக் ஷேக்ஸ்பியரைப் படித்ததும் மறைவிடத்தில் விளாடிஸ்லாவ் சொப்பினை மனத்துள் வாசித்ததும் ஒரே குடும்பப் பழக்கத்தின் இரு வெளிப்பாடுகள். ஒருவர் மடிந்தார். மற்றவர் எண்பத்தெட்டு வயது வரை வாழ்ந்தார். மீள்திறன் அவ்வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

காத்த கைகள்

வேறுபாட்டை உண்டாக்கியவை பிறருடைய செயல்கள். முதலாவது, பெயரறியாத காவலரின் கை. அடுத்து, இசையுலக நண்பர்கள். நடிகரும் பாடகருமான ஆந்திரெய் போகுட்ஸ்கி, அவர் மனைவி யானினா கோத்லெவ்ஸ்கா, இசைக்கலைஞர் செஸ்வாஃப் லெவிட்ஸ்கி முதலியோர் அவருக்கு மறைவிடமும் உணவும் தந்தனர். போலந்தில் யூதரை மறைத்துவைப்போருக்கு மரண தண்டனை என்பது அன்றைய ஜெர்மானிய ஆணை. ஸ்பில்மனின் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டிவிட்டு அவரைப் பட்டினியில் விட்டவரும் உண்டு. நூல் இவ்விரு வகையினரையும் ஒரே நிதானத்துடன் பதிவு செய்கிறது.

1944 நவம்பரில் நியெபொத்லெக்வோஷ்சி சாலையில் ஒரு காலிக் கட்டடத்தில் உணவு தேடிக்கொண்டிருந்த அவரை ஜெர்மானியப் படைத்தலைவர் ஒருவர் கண்டார். தொழில் என்ன என்று கேட்டார். பியானோ வாசிக்கச் சொன்னார். இரண்டரை ஆண்டுகள் பயிற்சியற்று விறைத்திருந்த விரல்களால் ஸ்பில்மன் சொப்பினின் சி-ஷார்ப் மைனர் நாக்டர்ன் என்னும் இசைப் படைப்பை வாசித்தார். அதிகாரி அவருக்கு மேலும் பாதுகாப்பான பரண் ஒன்றைக் காட்டி, ரொட்டியும் பழப்பாகும் குளிருக்குப் போர்வையும் கொணர்ந்து கொடுத்தார். 1945 ஜனவரி 17 அன்று வார்சா விடுவிக்கப்பட்டது.

அவ்வதிகாரி வில்ம் ஹோசன்ஃபெல்ட். பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிடிபட்டால் தெரியவேண்டா என்று ஸ்பில்மன் அவருடைய பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஹோசன்ஃபெல்ட் சோவியத் படையிடம் சிறைப்பட்டார். பெயரை 1950-இல் அறிந்த ஸ்பில்மன் அவரை மீட்க முயன்றும் பயனில்லை. 1952-இல் அவர் சிறை முகாமிலேயே இறந்தார். 2008-இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நினைவகம் அவரை யூதரைக் காத்த நல்லோர் வரிசையில் சேர்த்தது. இசையைக் கேட்டதனால்தான் அதிகாரி மனம் மாறினார் என்பது பரவலான எண்ணம். அவருடைய நாட்குறிப்பு அதை மறுக்கிறது. ஸ்பில்மனைச் சந்திப்பதற்கு ஈராண்டுகள் முன்பே வார்சாவில் நிகழும் கொலைகளைக் குறித்த அவமான உணர்வை அவர் எழுதிவைத்திருந்தார். வேறு சிலரையும் காத்திருந்தார்.

சான்றும் அதன் எல்லையும்

நினைவுக்குறிப்பை ஆவணமாகக் கொள்ளும்போது, கண்டதையும் கருதியதையும் பிரித்தறிதல் வேண்டும். அனாதை இல்லக் குழந்தைகளுடன் மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் 1942 ஆகஸ்ட் தொடக்கத்தில் திடலை நோக்கி நடந்து சென்றதைத் தாம் தெருவில் கண்டதாக ஸ்பில்மன் எழுதுகிறார். அது சாட்சியம். முகாமின் நச்சுவாயு அறையில் கோர்ச்சாக் குழந்தைகளுக்கு என்ன ஆறுதல் சொல்லியிருப்பார் என்று அவர் தொடர்ந்து எழுதுவது ஊகம். இரண்டும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருகின்றன. முன்னது வரலாற்றுக்கும் பின்னது 1945-ஆம் ஆண்டின் மனநிலைக்கும் சான்றாகும்.

இத்தகைய பிரிப்பு திரைப்படத்தை வைத்து நூலை அறிவோர்க்கு மேலும் தேவைப்படுகிறது. ரோமன் போலான்ஸ்கியின் 2002-ஆம் ஆண்டுப் படம் கான் விழாவின் உயரிய விருதையும் மூன்று ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. அதில் அதிகாரியின் முன் வாசிக்கப்படுவது சொப்பினின் ஜி மைனர் பாலட். நூலில் உள்ளது நாக்டர்ன். பாலட் நீண்டது, கொந்தளிப்பு மிக்கது, திரைக்கு ஏற்றது. நாக்டர்ன் சிறியது, அமைதியானது. நூலின் தாழ்ந்த குரலுக்கு அதுவே பொருந்துகிறது.

எழுதும் காலம் குரலை மாற்றுகிறது என்பதை மற்றோர் இசைக்கலைஞரின் நூல் உறுதிப்படுத்துகிறது. செலோ கலைஞர் அனிதா லாஸ்கர்-வால்ஃபிஷ் 1942-இல் பிரெஸ்லாவு நகரிலிருந்து பெற்றோர் கொண்டுசெல்லப்பட்டபின் அவர்களை இழந்தவர். ஆஷ்விட்ஸ் முகாமில் அல்மா ரோசே நடத்திய மகளிர் இசைக்குழுவில் செலோ வாசித்ததால் உயிர் தப்பினார். தம் பிள்ளைகளுக்காக எழுதிய நினைவுகளை 1996-இல் நூலாக வெளியிட்டார். அரை நூற்றாண்டு கடந்து எழுதிய அவர் குடும்பக் கடிதங்களை நூலில் சேர்த்துப் பெற்றோரைத் தம் சொந்தக் குரலில் பேசவிடுகிறார். ஸ்பில்மனுக்கு அத்தகைய இடைவெளி இல்லை. இருவர் நூல்களிலும் இசை உயிர் காத்தது. இருவரும் அதைத் தகுதிக்குக் கிடைத்த பரிசாகச் சொல்லவில்லை.

முடிவுரை

போருக்குப் பின் ஸ்பில்மன் போலந்து வானொலிக்குத் திரும்பி 1963 வரை பணியாற்றினார். நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இசையமைத்தார். 1961-இல் தொடங்கிய சோபோட் பாடல் விழாவுக்கு முன்னின்றார். வார்சா பியானோ ஐவர் குழுவில் வாசித்து உலக நாடுகளுக்குச் சென்றார். 2000 ஜூலை 6 அன்று வார்சாவில் காலமானார். குடும்பம் அழிந்த நகரிலேயே அவர் மீண்டும் வாழ்வைக் கட்டினார் என்பது உண்மை, அது போற்றத்தக்கது.

ஆயினும் அந்நூலை அவருடைய வெற்றிக் கதையாக மட்டும் வாசிப்பது மற்ற ஐவருக்கு இழைக்கும் அநீதி ஆகும். வலிமையுள்ளோர் பிழைத்தனர் என்று கொண்டால், மடிந்தோர் வலிமை குன்றியவர் என்னும் முடிவு சொல்லாமலே பின்தொடரும். மூலநூல் இதற்கு இடந்தரவில்லை. எள்ளலுடன் வணங்கிய தந்தையும், பிழைக்கும் வாய்ப்பை விட்டுக் குடும்பத்தோடு சேர்ந்த ஹென்றிக்கும் ஹலினாவும், ஆறாகப் பகிரப்பட்ட இனிப்பும் அதற்குச் சான்று. இன அழிப்புக் கால நினைவுக்குறிப்புகளைக் கற்பிப்போரும் ஆராய்வோரும் மீள்திறனைத் தப்பியவர்களிடம் மட்டும் தேடாமல், அவர்கள் எழுத்தில் நிலைபெற்ற இறந்தோரிடமும் காணுதல் வேண்டும். 'ஒரு நகரத்தின் மரணம்' என்ற முதற்பதிப்பின் தலைப்பு அத்தகைய வாசிப்பையே நாடி நிற்கிறது.